பத்தாவது சுற்று

(கோவையில் இயந்திரப் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழோடு மாணவர்கள் ஒரு கேள்வியையும் அனுப்பியிருந்தார்கள். "போர்ஷே 911, கார்வெட் இரண்டில் எது சிறந்த கார்?" இருபது வயதில் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் வரும் அட்டவணையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, இதற்கு எத்தனை குதிரைத்திறன், அது நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது என்று நண்பர்களோடு விடிய விடிய வாதாடியிருக்கிறேன். பந்தயத்தடத்தில் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான், அந்த அட்டவணையில் முக்கியமான ஒரு கட்டமே இல்லை என்பது புரிந்தது. வெப்பம். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு மே மாதம், இருங்காட்டுக்கோட்டை தடம், உச்சி வேளை. நண்பர்கள் இருவர் தங்கள் கார்களோடு வந்திருந்தார்கள். எந்த நிறுவனத்தின் கார்கள் என்பது இங்கே வேண்டாம். ஒன்றுக்கு மற்றதைவிடக் கிட்டத்தட்ட நூறு குதிரைத்திறன் அதிகம். முதல் இரண்டு சுற்றில் அது கண்ணுக்கே எட்டவில்லை. மூன்றாவது சுற்றிலும் முன்னால்தான். நான்காவதில் நேர்ப்பாதையில் அதன் சத்தம் மாறியது. ஐந்தாவதில் பின்னால் வந்தவர் சாதாரணமாக அதைத் தாண்டிப் போனார். ஆறாவது சுற்று முடியாமலே பிட்டுக்குள் திருப்பிவிட்டார்கள். மற்ற கார் பத்துச் சுற்றையும் ஏறத்தாழ ஒரே நேரக் கணக்கில் ஓடி முடித்தது.

பிட்டில் வந்து நின்ற காரின் பானெட்டுக்கு அடியிலிருந்து வெல்லப்பாகு கருகியதுபோல ஒரு இனிப்பு வாசம் வந்தது. கூலன்ட் வெளியே கசிந்தால் வரும் வாசம் அது. ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். என்னோடு வேலை செய்த பையன் ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். என் வலது முழங்கைக்குக் கீழே இருக்கும் இந்தத் தழும்பு, அப்படி ஒரு மூடியைத் திறந்ததால் வந்தது. அந்த மூடி, வெளிக்காற்றுக்கு மேல் ஏறத்தாழ 1.1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி வேண்டும். உள்ளே 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணமே மொத்தமாகக் கொதித்து எழும். பிரஷர் குக்கரின் மூடியை ஆவி அடங்கும் முன் யாரும் திறப்பதில்லை. காரில் மட்டும் ஏனோ அந்த நினைப்பு வருவதில்லை.

அன்று வேகமான கார் எது? அட்டவணைப்படி முதல் கார். கைக்கடிகாரப்படி நான்கு சுற்று வரை முதல் கார். பத்துச் சுற்றையும் கூட்டினால் இரண்டாவது கார். என் கணக்கில் அன்றைக்குச் சிறந்த கார் இரண்டாவதுதான். அதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

இந்த விஷயத்தில் உலகப் பெரிய நிறுவனங்களே சண்டையிட்டிருக்கின்றன. 2008இல் நிஸான் தன் ஜிடி-ஆர் கார் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியதாக அறிவித்தது. போர்ஷே அதை நம்பவில்லை. தானே ஒரு ஜிடி-ஆர் காரை வாங்கி ஓட்டிப் பார்த்து, தனக்குக் கிடைத்தது 7 நிமிடம் 54 விநாடி என்றது. டயரில் வித்தியாசமா, ஓட்டுநரிலா என்று மாதக்கணக்கில் பேச்சு. அந்தத் தடம் 20.8 கிலோமீட்டர் நீளம். சாதனை என்பது அதில் ஒரே ஒரு சுற்று. குளிர்ந்த காற்று, புது டயர், கைதேர்ந்த ஓட்டுநர். ஒரே சுற்றில் ஒரு கார் தன் பலத்தைக் காட்டலாம். தாங்குமா என்பதைக் காட்டாது. அந்த ஜிடி-ஆரில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நடுத்திரையில் கூலன்ட், இஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் என்று ஒவ்வொன்றின் சூட்டையும் ஓட்டுநருக்கு எண்ணாகக் காட்டினார்கள். பல கார்களில் நடுவில் ஒரு முள் மட்டும் இருக்கும். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அசையாது. அசையும்போது நேரம் கடந்திருக்கும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நீங்கள் பொறியியல் மாணவர்கள், கணக்கில்லாமல் விடமாட்டீர்கள்.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சக்கரத்தைச் சுற்றப் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இன்னொரு பெரும்பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தைத் தண்ணீரும் ஆயிலும் சுமந்துகொண்டு போய் வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். 650 குதிரைத்திறன் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள்; அது 485 கிலோவாட். முழு வேகத்தில் தண்ணீரும் ஆயிலும் சுமப்பது அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும் 240 கிலோவாட் வருகிறது. நம் வீட்டுக் குளியலறை கீசர் 2 கிலோவாட். நூற்றிருபது கீசர்களை ஒரு பம்பருக்குப் பின்னால் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவு சூட்டை, ஒரு மேசை அகலத்துக்குள் அடங்கும் சில அலுமினியச் சல்லடைகள் வெளியே தள்ள வேண்டும். அதே கார் நெடுஞ்சாலையில் சீராக நூறில் போக இருபத்தைந்து குதிரைத்திறன் போதும். அதனால்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருடக்கணக்கில் ஓட்டினாலும் அந்தக் காரின் பலவீனம் தெரியாது. தடத்தில் இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பம் எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்பது இரண்டு பக்கத்துச் சூட்டின் வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 105 டிகிரி, வெளியே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 90. அதே கூலன்ட், வெளியே சித்திரை வெயிலில் 40 டிகிரி என்றால் வித்தியாசம் 65. ஒரே ரேடியேட்டர், ஒரே கார். நம் ஊருக்கு வந்ததும் கால்பங்குக்கு மேல் திறனை இழந்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு வசந்தகாலக் காலையில் எடுத்த நேரக் கணக்கை நம் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போடும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சூடு ஏறினால் என்ன ஆகும்? எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டுகிறது. அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இடையில் ஓடும் அந்தத் தண்ணீர்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. அது சூடேறும்போது, இழுக்கப்படும் காற்றும் சூடேறும்போது, பிளக் பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் வரை காத்திராமல், மிச்சமிருக்கும் பெட்ரோல் தானே வெடிக்கப் பார்க்கும். பட்டறையில் நாம் நாக்கிங் என்கிறோமே, அது. இன்றைய கார்களின் கம்ப்யூட்டர் அதைக் காதால் கேட்பதுபோல் கேட்டு, பொறியைத் தாமதப்படுத்துகிறது. இஞ்சின் பிழைக்கிறது, சக்தி போகிறது. இன்னும் ஏறினால் கம்ப்யூட்டர் வேகத்தையே குறைத்து, ஊர்ந்துகொண்டே பிட்டுக்குப் போ என்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் நான்காவது சுற்றில் நான் கேட்ட சத்த மாற்றம் அதுதான்.

அட்டவணையில் இல்லாத அந்தக் கட்டத்தைக் கார்களின் உடம்பிலேயே படிக்கலாம். 1971இல் ஜெனீவாவில் லம்போர்கினி தன் கவுன்டாச் மாதிரியைக் காட்டியபோது அது வழுவழுவென்று ஒரே வீச்சில் வரைந்த கோடுபோல இருந்தது. பக்கவாட்டில் மீனின் செவுள் போலச் சில கீற்றுகள் மட்டும். சோதனை ஓட்டத்தில் இஞ்சின் கொதித்தது. 1974இல் விற்பனைக்கு வந்தபோது தோளின் மேல் பெரிய காற்றுப்பெட்டிகள் முளைத்திருந்தன, கதவோரம் ஆழமான குழிவுகள் வந்திருந்தன. அதற்கு எதிரியாக ஃபெராரி கொண்டுவந்த பெர்லினெட்டா பாக்ஸரில் இஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். கொதிநீர்க் குழாய்கள் இரண்டுக்கும் நடுவில், ஆட்கள் உட்காரும் இடத்தை ஒட்டி ஓடின. ஓட்டுபவர் வியர்த்துக் கொட்டினார். 1984இல் வந்த டெஸ்டரோசாவில் ரேடியேட்டர்களை இரண்டாக்கிப் பின்சக்கரங்களுக்கு முன்னால், இரு விலாவிலும் கொண்டுபோய் வைத்தார்கள். விலாவில் அவ்வளவு பெரிய திறப்பைச் சில நாடுகளின் சட்டம் அனுமதிக்காது. அதனால் திறப்பின் குறுக்கே நீளநீளப் பட்டைகள் வந்தன. என் தலைமுறையில் சுவரில் கார் படம் ஒட்டாத பையன்கள் குறைவு. அந்தப் பட்டைகளை அழகு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே வளர்ந்தோம். தண்ணீர்க் குழாயை ஓட்டுநரின் காலடியிலிருந்து நகர்த்தியதால் பிறந்த அழகு அது.

இனி நீங்கள் கேட்ட இரண்டு கார்களுக்கு வருகிறேன்.

1964இல் தொடங்கி 1998 வரை தயாரான 911களில் ரேடியேட்டர் கிடையாது. இஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி. அது சிலிண்டர்களின் மேல் காற்றை ஊதியது. காற்றால் குளிரும் இஞ்சின் என்று புத்தகத்தில் எழுதினார்கள். கையைக் கறைப்படுத்தி வேலை பார்த்தவர்கள் அதை ஆயிலால் குளிரும் இஞ்சின் என்பார்கள், அது உண்மையும்கூட. ஆயில் தனித் தொட்டியில் தாராளமாக இருந்தது. பந்தயம் ஓடியவர்கள் முன் மட்கார்டுக்குள் ஆயில் கூலர் வைத்து, பின்னால் இருக்கும் இஞ்சினிலிருந்து காரின் முழு நீளத்துக்கும் குழாய் இழுத்தார்கள்.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு இருந்தவரை இந்த ஏற்பாடு தாங்கியது. அதிக சக்திக்கு நான்கு வால்வு தேவைப்பட்டபோது சிக்கல் வந்தது. இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லாத ஒரு உலோகப் பாலம் இருக்கிறது. இஞ்சினில் மிகவும் வேகும் இடம் அது. ஊதுகிற காற்று அங்கே போய்ச் சேராது. போர்ஷே 1978இல் தன் 935 பந்தயக் காரிலும், பிறகு 956இலும், தெருவில் ஓடிய 959இலும் ஒரு சமரசம் செய்தது: தலைக்குத் தண்ணீர், உடம்புக்குக் காற்று. சிலிண்டர் ஹெட்டில் மட்டும் தண்ணீர் ஓடும், சிலிண்டர்களுக்குப் பழையபடி காற்று. 1997இல் வந்த 996 வரிசையில் உடம்புக்கும் தண்ணீர் வந்துவிட்டது. பழைய 911 ரசிகர்கள் இன்றும் அதை ஒரு இழப்பாகப் பேசுகிறார்கள். அந்தப் பழைய இஞ்சினின் சத்தம் எனக்கும் உயிர்தான். ஆனாலும் போர்ஷே செய்தது சரி என்றே சொல்வேன். அந்தச் சின்னப் பாலத்தைக் குளிர்விக்கத் தெரியாதவர்கள் அடுத்த படிக்குப் போக முடியாது.

இன்றைய 911இல் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலையிலும் இருக்கின்றன. சூடு கூடிய வகைகளில் நடுவிலும் ஒன்று. தடத்தில் ஓடிய ஒரு காரின் முன் பம்பரை நான் கழற்றினேன். ரேடியேட்டர் மூலையில் வேப்பஞ்சருகு, டயரிலிருந்து உதிர்ந்த கறுப்பு ரப்பர் உருண்டைகள், ஒரு பட்டாம்பூச்சியின் பாதி இறக்கை, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி ஒரு கைப்பிடி அளவுக்கு அடைந்திருந்தது. அதன் சொந்தக்காரர் புது தெர்மோஸ்டாட், புது பம்ப் என்று பணம் செலவழித்த பிறகு என்னிடம் வந்திருந்தார். பெயின்ட் பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்துச் சுத்தம் செய்தோம், வேறெதையும் தொடவில்லை. அடுத்த முறை ஓடியபோது முள் நடுவைத் தாண்டவில்லை.

கார்வெட் பக்கம் பார்க்கலாம். 2015இல் வந்த இஸட்06 எனக்கு மிகவும் பாடம் சொன்ன கார். 6.2 லிட்டர் வி8 இஞ்சின், மேலே ஒரு சூப்பர்சார்ஜர், 650 குதிரைத்திறன்.  அமெரிக்காவின் வெயில் மாநிலங்களில் தடத்தில் ஓட்டியவர்கள், சில சுற்றுகளில் சூடேறிச் சக்தி குறைகிறது என்று புகார் சொன்னார்கள். நீதிமன்றம் வரை போனது. 2017 மாடலில் பானெட்டில் வெப்பம் வெளியேறும் திறப்புகளைப் பெரிதாக்கி, சூப்பர்சார்ஜரின் மூடியையும் மாற்றினார்கள்.

ஏன் அப்படி என்பதை யோசித்துப் பாருங்கள். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும் அல்லவா? காற்றை நெருக்கினால் சூடாகும். சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு நொடியும் அதைத்தான் செய்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடமோ, இரு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவில், இஞ்சினின் மடியில். நெருக்கிய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். இந்த வகையில் அதற்குத் தனியாக ஒரு தண்ணீர்ச் சுற்று உண்டு. அந்தத் தண்ணீரைக் குளிர்விக்க முன்னால் இன்னொரு சல்லடை. இத்தகைய கார்களில் பெரும்பாலும் அந்தச் சல்லடைக்குப் பின்னால்தான் இஞ்சினின் ரேடியேட்டர் நிற்கும். முன்னவர் சூடாக்கி விட்ட காற்றைத்தான் பின்னவர் குடிக்க வேண்டும். சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங், நாக்கிங்கைத் தவிர்க்கக் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், தாமதமான பொறியால் புகை இன்னும் சூடாகும். ஒரு கடன் இன்னொரு கடனை வரவழைப்பதுபோல.

2019 மாடலாக வந்த இஸட்ஆர்1 அதைவிடப் பெரிய சூப்பர்சார்ஜரோடு 755 குதிரைத்திறன் கொடுத்தது. அதில் வெப்பத்தை வெளியேற்ற மட்டும் மொத்தம் 13 சல்லடைகள். முன்பக்கம் முழுவதும் வாயைத் திறந்து வைத்ததுபோல் இருந்தது. 2023 மாடலாக வந்த அடுத்த இஸட்06இல் இஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. அந்தக் காரில் சூப்பர்சார்ஜரையே எடுத்துவிட்டார்கள். 5.5 லிட்டர், தானாகக் காற்றை இழுக்கும் வி8, நிமிடத்துக்கு 8600 சுழற்சி, 670 குதிரைத்திறன். எதிர்முகாமில் போர்ஷே பெரும்பாலான 911களுக்கு டர்போ பொருத்திய பிறகும் தடத்துக்கான ஜிடி3இல் டர்போ வைக்கவில்லை. 2017இல் அது 4 லிட்டர், 500 குதிரைத்திறன், 9000 சுழற்சி. கால் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்வது, சத்தம் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. வெப்பம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காற்றை நெருக்காத இஞ்சினுக்கு அந்த ஒரு கடன் முழுசாக இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எதிரெதிரே நின்ற இரண்டு கார்கள், தடத்தில் நாள் முழுக்க ஓட வேண்டும் என்றபோது ஒரே முடிவுக்கு வந்து நின்றதைப் பார்க்க எனக்கு மெய்சிலிர்த்தது.

இஞ்சின் மட்டும்தான் சூடாகும் என்று நினைக்காதீர்கள். 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி350இல், விலை குறைந்த வகைகளில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் தனி ஆயில் கூலர் வைக்கவில்லை. தடத்தில் இஞ்சின் தயாராக இருக்கும்போதே கியர்பாக்ஸ் சூடேறி, கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்தது. அடுத்த ஆண்டு எல்லா வகையிலும் அந்தக் கூலர்கள் வந்துவிட்டன.

ஓட்டுநர் என்ன செய்யலாம்? நிறைய. நூலிழை இடைவெளியில் ஒரு காரின் பின்னாலேயே ஒட்டி ஓடினால், அதன் சூட்டைத்தான் உங்கள் ரேடியேட்டர் வாங்குகிறது. நேர்ப்பாதையில் அரை கார் அகலம் விலகி, சுத்தமான காற்றில் மூக்கை நீட்டுங்கள். சிவப்புக் கோட்டைத் தொட ஆயிரம் சுழற்சி இருக்கும்போதே கியரை மாற்றுங்கள். நேரத்தில் இழப்பது கொஞ்சம், சூட்டில் மிச்சம் பிடிப்பது அதிகம். ஆபத்து என்றால் காருக்குள் இருக்கும் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடலாம். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். மே மாதத்தில், தீப்பிடிக்காத அந்தக் கனத்த உடைக்குள், அது நரகம். ஹெட் கேஸ்கட் போவதைவிட நல்லது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். பிட்டில் நின்றதும் சாவியைத் திருப்பாதீர்கள். பம்ப் நின்றால் ஓடும் தண்ணீர் நிற்கும். சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் சூடு போக வழியின்றி அங்கேயே ஏறும். டர்போ இருந்தால் அதன் தண்டில் ஆயில் கரியாகிவிடும். காரின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, பானெட்டைத் தூக்கி வைத்து, இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள்.

தடத்தில் ஓடும் காரில் பலர் கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரும் துரு பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மருந்தும் ஊற்றுகிறார்கள். தண்ணீர் சூட்டைச் சுமப்பதில் கிளைகால் கலந்த கூலன்டைவிடச் சிறந்தது. சிந்தினால் தடம் வழுக்காது. அதனாலேயே பல தடங்கள் கிளைகாலைத் தடை செய்திருக்கின்றன. உறைபனி இல்லாத நம் ஊரில் இது எளிது.

முடிக்கும் முன், காலையில் உங்கள் பட்டறையில் நான் பார்த்த மாணவர் பந்தயக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேர்த்தியான வெல்டிங். ரேடியேட்டரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள், இடமும் சரி. ஆனால் ரேடியேட்டருக்கும் காற்றுக்கூண்டுக்கும் நடுவில் மேல்விளிம்பு முழுக்க என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. சல்லடைக்குள் நெருக்கிப் போவது காற்றுக்குச் சிரமம்; சுற்றிப் போக அந்த இடைவெளி இருந்தால் அதன் வழியாகத்தான் போகும். இன்னும் பெரிய ரேடியேட்டர் கேட்டு ஸ்பான்சரிடம் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அந்தக் கடிதம் இரண்டு நாள் பொறுக்கட்டும். முதலில் அந்த விளிம்பை ஃபோம் பட்டையால் அடைப்போம். பிறகு செட்டிபாளையம் பந்தயத்தடத்துக்குக் கொண்டுபோய், காலை ஆறு மணிக்கு அல்ல, மதியம் ஒரு மணிக்குப் பத்துச் சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தையும், தண்ணீர்ச் சூட்டையும், ஆயில் சூட்டையும் ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். பட்டை ஒரு சுருள் என் பையில் இருக்கிறது. பசை காய அரை மணி நேரம் ஆகும், அதனால் தேநீருக்கு முன்பே ஒட்டிவிடுவோம், வாருங்கள்.